ஜெப நேரம் போய்விட்டது, விசுவாசமும் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு 44 வயது. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் ஒன்பது ஆண்டுகளாக மஸ்கட்டில் வேலை செய்கிறார். 78 வயதான என் அத்தைக்கு, அதாவது கணவரின் தாயாருக்கு, மறதி நோய் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் சொன்னார். முப்பது ஆண்டுகள் ஞாயிறு பள்ளி நடத்திய அவர்களுக்கு இப்போது என் பெயர் தெரிவதில்லை. தன் சங்கிலியை நான் திருடிவிட்டதாகப் பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார்கள். பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். இரவும் விடுமுறை நாட்களும் என் பொறுப்பு. திருமணமான நாள் முதல் காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபித்து வேதம் வாசிப்பது என் வழக்கம். இரவில் அத்தை மூன்று நான்கு முறை எழுந்து கதவைத் திறக்கப் போவதால், எட்டு மாதங்களாக அது நின்றுபோயிற்று. வேதத்தைத் திறந்தாலும் உள்ளே ஒன்றும் இறங்குவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகன் கோவிலுக்கு வருவதில்லை, குடும்ப ஜெபத்திலும் உட்காருவதில்லை. "ஆச்சிக்கே இப்படியென்றால் எனக்கு எதற்கு ஜெபம்?" என்கிறான். ஆனால் சனிக்கிழமை தோறும் ஆச்சிக்கு நகம் வெட்டிவிடுவது அவன்தான். கணவரின் தம்பி சென்னையில் முழுநேர நற்செய்தி ஊழியர்; ஊழியத்தை விட்டு வர முடியாது, ஜெபிக்கிறோம் என்கிறார். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு மூத்த சகோதரி, என் ஜெபம் குறைந்ததால்தான் வீட்டில் இத்தனை போராட்டம் என்றார். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டு என்னைத் திருடி என்றபோது, அவர்கள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துவிட்டேன். மறுநாள் அந்த இடம் கன்றியிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் திருவிருந்து எடுக்கவில்லை. நேற்றிரவு பாத்திரம் துலக்கும்போது வாய் தானாக ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தது. நான் பல்லவியோடு நிறுத்தினேன். அத்தை அறைக்குள்ளிருந்து அனுபல்லவியைப் பாடினார்கள். அழுகை வந்துவிட்டது. என் விசுவாசம் செத்துப்போயிற்றா?

பதில்:

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை மணிக்கட்டைப் பற்றி எழுதிய இடத்தில் நின்றேன். மூன்றாம் முறைதான், கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த அந்த அனுபல்லவி கண்ணில் பட்டது. உங்கள் கேள்விக்குரிய பதில் ஏறத்தாழ அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு வருமுன், உடனே கவனிக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாரிடமும் சொல்லாததை, முகம் அறியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சிறிதாக்கிக் காட்டி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. நோயுற்ற முதியவரின் கையில் கன்றிப்போகும் அளவுக்கு அழுத்திப் பிடித்தது தவறுதான். உங்கள் மனச்சாட்சி வலிக்க வேண்டிய இடத்தில்தான் வலிக்கிறது. அதே நேரத்தில், குடும்ப ஆலோசகராக நான் கடந்துவந்த ஆண்டுகளில், மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் மகள்களும் மருமகள்களும் மனைவிமாரும் இதே வாக்குமூலத்தை, இதே தாழ்ந்த குரலில், கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் கொடுமைக்காரர் என்று நான் சொல்லக்கூடியவர் அநேகமாக ஒருவரும் இல்லை. மாதக்கணக்கில் தொடர்ந்து தூக்கம் கெட்டு, பகலெல்லாம் வகுப்பில் நின்று, மாலையில் திருடிப் பட்டம் வாங்குகிற ஒருவரின் தாங்கும் சக்தி அன்று தீர்ந்துபோயிருந்தது. ஆகவே அந்த மாலை நடந்தது ஆண்டவரிடம் அறிக்கையிட வேண்டிய பாவமாகவும், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய எச்சரிக்கையாகவும் ஒருசேர இருக்கிறது. நீங்கள் முதலாவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, இரண்டாவதை விட்டுவிட்டீர்கள். மீண்டும் அப்படிக் கோபம் ஏறும்போது, அத்தையை விழாதபடி உட்காரவைத்துவிட்டு, புறவாசலுக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சாப்பாடு ஆறிப்போகட்டும், சிந்தியது சிந்தியபடி கிடக்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டவுடன் வரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணை இந்த வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மனம் உடைகிற இரவில் பேச ஆளில்லையென்றால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் இருக்கிறது; எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

அத்தையின் நோயைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஆவிக்குரிய தோல்வி என்று எண்ணி வருந்துகிறவற்றில் பாதி நோயின் இயல்பு. சங்கிலியை எங்கே வைத்தோம் என்ற நினைவு அவர்கள் மூளையில் பதிவதே இல்லை. வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்தை மூளை ஏதாவது ஒரு காரணத்தால் நிரப்பிக்கொள்கிறது. எப்போதும் அருகில் இருப்பவர் நீங்கள் என்பதால் பழி உங்கள்மேல் விழுகிறது. யார் மிக நெருங்கிப் பராமரிக்கிறார்களோ அவர்களே திருடராகத் தெரிவது இந்நோயில் மிகச் சாதாரணம். "நான் எடுக்கவில்லை" என்று வாதாடினால் அவர்களின் பயம்தான் கூடும். "வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்று எழுந்து நடங்கள். உண்மைச் சங்கிலியை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, கணவரும் அவர் தம்பியும் அறியும்படி எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதே மாதிரியில் ஒரு கவரிங் சங்கிலியை அவர்கள் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் நோயைப் பற்றி ஒருமுறை அமைதியாக எடுத்துச் சொன்னால், அதன்பின் அந்தப் பழியை அவர்களும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள்.

மாலையில் குழப்பம் கூடுவது இந்நோயில் பலருக்கும் உண்டு. இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். காலை வெயிலில் சிறிது நடக்கவைத்து, பகல் தூக்கத்தைக் குறைக்கும்படி பகலில் வரும் அம்மாவிடம் சொல்லுங்கள். இரவில் வாசற்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்றால், கண்மட்டத்துக்கு மேலே ஒரு கொண்டி போட்டு, கதவில் ஒரு சிறு மணியையும் தொங்கவிடுங்கள். அவர்கள் எப்போது எழுவார்களோ என்று நீங்கள் இரவு முழுவதும் அரைத்தூக்கத்தில் காவல் கிடக்க வேண்டியதில்லை. மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் குழப்பத்தையும் தடுமாறி விழுவதையும் கூட்டிவிடும். தைராய்டு, பி12 வைட்டமின் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் நிலை திடீரென்று மோசமானால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக அண்மை ஆய்வு மதிப்பிடுகிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் விசேஷமாக வந்த தண்டனையாக இதைப் பார்க்காதீர்கள்.

தூக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது ஆவிக்குரிய கேள்வியைத் தட்டிக்கழிப்பதற்காக அல்ல. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினபோது, தேவன் அவரிடம் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தூங்கவிட்டார். தேவதூதன் தட்டியெழுப்பி, சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே தேவனுடைய அந்த மெல்லிய சத்தம் வந்தது. உங்களை நான் பார்க்கும்போது நீங்கள் இன்னும் ஓரேபுக்குப் போய்ச் சேரவில்லை. சூரைச்செடியின் கீழ் இருக்கிறீர்கள். வேதம் உள்ளே இறங்கவில்லை என்று நீங்கள் சொல்வதில், தூங்காத கண்ணுக்கும் களைத்த மூளைக்கும் உள்ள பங்கு பெரியது.

இனி, நாலரை மணி. இருபது ஆண்டுகள் ஒருவர் அந்த நேரத்தில் எழுந்து ஜெபித்தார் என்றால் அது உண்மையான செல்வம். அதை இழந்த துக்கமும் உண்மையானது. ஆனால் நீங்கள் அந்த வழக்கத்தையே விசுவாசத்தை அளக்கும் படியாக வைத்துக்கொண்டீர்கள். எட்டு மாதங்களாக அந்தப் படியில் ஒன்றும் விழவில்லை என்பதைப் பார்த்து, களஞ்சியமே காலி என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே வாழ்ந்த ஒருவரை நினைவூட்டுகிறேன். டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையார் பெண்கள் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நற்செய்தி சொல்லிவந்தவர். 1901-இல் தேவதாசியாகக் கோவிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதன்பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பாலூட்டி இரவெல்லாம் விழித்திருக்கிறவர் எப்படி ஊர்களுக்குப் போக முடியும்? இத்தனை பேருக்குப் பயன்பட்ட ஊழியத்தை விட்டுவிட்டு வெறும் ஆயாவாக இருப்பது சரிதானா என்ற கேள்வி அவரையும் குடைந்தது. அவருக்குக் கிடைத்த பதில், சீஷர்களின் கால்களைக் கழுவுவதற்கு ஆண்டவர் துண்டை எடுத்து அரையில் கட்டிக்கொண்ட காட்சி. பின்னர் 1931-இல் ஒரு விபத்தில் விழுந்து, 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையோடு இருந்தார். ஓடித் திரிந்த காலத்தின் அளவுகோலைப் படுக்கைக் காலத்தில் கையில் வைத்திருந்தால், அவருடைய பிற்பகுதி முழுவதும் தோல்வி என்றே தோன்றியிருக்கும்.

மார்த்தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுப்படியில் நிற்கும் நம் பெண்களைக் குற்றப்படுத்த அவள் பெயர்தான் எப்போதும் பயன்படுகிறது. ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது, பற்பல வேலைகளால் மனம் சிதறியிருந்ததற்காக அவர் அவளை அன்போடு கண்டித்தது உண்மை. ஆனால் அவள் கதை அங்கே முடியவில்லை. யோவான் சுவிசேஷத்தில், சகோதரன் செத்து நான்காம் நாளில், நீரே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கை செய்தவள் அந்த மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து நடக்கும்போது, அவள் மறுபடியும் பணிவிடைதான் செய்கிறாள். அந்த முறை அவளை யாரும் கண்டிக்கவில்லை. வேலை மாறவில்லை, வேலை செய்தவள் உள்ளே மாறியிருந்தாள். நமக்குள் நடக்கும் வளர்ச்சியும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்: அதே வீடு, அதே பாத்திரம், அதே நோயாளி.

இப்படிச் சொல்வதால், உங்களை வளர்ப்பதற்காகவே தேவன் அத்தைக்கு இந்த நோயைக் கொடுத்தார் என்று சொல்கிறேன் என எண்ணிவிடாதீர்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. ஒருவரை வளர்க்க இன்னொருவரின் நினைவைத் தின்னக் கொடுக்கும் தேவனை நான் வேதத்தில் காணவில்லை. நோய் நோய்தான். அதன் நடுவில் அவர் நம்மோடு இருக்கிறார், அங்கேயும் நம்மைக் கட்டியெழுப்புகிறார் என்பது மட்டுமே நான் அறிந்தது. அதை அனுபவத்திலும் அறிந்தேன். என் தகப்பனார் பக்கவாதத்தில் நான்கு ஆண்டுகள் படுத்திருந்தபோது, பகலில் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டு, இரவில் அவருக்குக் கஞ்சி ஊட்டுவேன். கடைவாயில் வழிவதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நாட்களில் பரமண்டல ஜெபத்தைக்கூட என்னால் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை, பாதியில் தூங்கிவிடுவேன். எங்கள் சபையில் வயதான விதவைத் தாயார் ஒருவர் வியாழக்கிழமை தோறும் ஒரு தூக்குவாளியில் ரசம் எடுத்துக்கொண்டு வருவார். வந்ததும் என்னிடம் சொல்வது ஒரே வார்த்தை: "நீ போய்ப் படு." இரண்டு மணி நேரம் அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சத்தமாக ஜெபித்ததில்லை, எனக்கு ஒரு வசனமும் சொன்னதில்லை. நான் ஜெபிக்க முடியாமல் போன ஆண்டுகளில் என் ஜெபத்தை அவர்தான் சுமந்தார் என்று இன்றும் எண்ணுகிறேன். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கின நான்கு பேரின் விசுவாசத்தை இயேசு கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் பேசினதாக அங்கே ஒன்றுமில்லை. உங்கள் படுக்கையின் நான்கு முனைகளைப் பிடிக்க யாரையாவது நீங்கள் அனுமதித்தீர்களா என்பதுதான் நான் உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு ஒருவரும் ரசம் எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.

ஆகவே முதலாவது உங்கள் ஆயரிடம் போங்கள். மணிக்கட்டை மறைக்காமல் சொல்லுங்கள். திருவிருந்தைப் பற்றியும் அவரிடம் பேசுங்கள். ஆனால் என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். தகுதியில்லாமல் இந்த அப்பத்தைப் புசிக்கிறீர்கள் என்று பவுல் கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டது, வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டு வெட்கப்படுத்தியதற்காக. அங்கேயும், ஒருவன் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, பிறகு புசிக்கவேண்டும் என்றுதான் எழுதினாரே ஒழிய, சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்துவிடு என்று எழுதவில்லை. நம் ஆராதனை முறையில் பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் அப்பத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான், என்னைப் போன்றவர்களுக்காகத்தான். மூன்று மாதங்களாக நீங்கள் உங்களுக்கே விதித்துக்கொண்ட இந்தத் தண்டனையை யாரும் உங்கள்மேல் வைக்கவில்லை.

மகனைப் பற்றி எழுதிய பகுதியில் உங்கள் பயம் தெரிகிறது. ஆனால் அவன் கேட்பது அவிசுவாசியின் கேள்வியாக எனக்குப் படவில்லை. ஆச்சியை மிகவும் நேசிக்கிற ஒரு பேரனின் துக்கம் அது. தன்னைத் தூக்கி வளர்த்தவர் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதை 17 வயதில் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள்: துதியில் முடியாமல், இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி பெத்லகேமுக்குத் திரும்பியபோது, என்னை நகோமி என்று அழையாதீர்கள், மாராள் என்று அழையுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்கள் நடுவில் சொன்னாள்; அவளுக்கு யாரும் பதில் பிரசங்கம் செய்யவில்லை. மகனுக்கும் இப்போது பதில் தேவையில்லை. "எனக்கும் தெரியவில்லை, தம்பி, நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிக் கோவிலுக்கு இழுக்காதீர்கள். ஜெபிக்காவிட்டால் பரீட்சையில் ஆசீர்வாதம் இருக்காது என்று பயமுறுத்தவும் வேண்டாம். அப்படி வளர்ந்தவர்கள் பலர் நாற்பது வயதில் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதோடு, இரண்டு குமாரர் உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்றபோது ஒருவன் மாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். மற்றவன் போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்டார். குடும்ப ஜெபத்துக்கு வரமாட்டேன் என்கிற உங்கள் மகன் சனிக்கிழமை தோறும் ஆச்சியின் நடுங்கும் கையைத் தன் மடியில் வைத்து, சதை வெட்டிவிடாமல் ஒவ்வொரு விரலாக நகம் வெட்டிக்கொண்டிருக்கிறான். அதைச் செய்கிற பையனைப் பற்றி நான் பயப்பட மாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், அதைக் கண்டீர்கள் என்று அவனிடம் சொல்வதுதான்.

கணவரிடம் நீங்கள் உண்மை பேசவில்லை என்று ஊகிக்கிறேன். தொலைவில் உழைக்கிறவருக்கு எதற்கு வீண் கவலை என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அத்தை அவரைப் பெற்ற தாயார். இங்கே இரவு எட்டு மணி என்றால் மஸ்கட்டில் ஆறரை மணி. வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பார். வாரத்தில் மூன்று நாட்களாவது அந்த நேரத்தில் அவர் கைப்பேசியில் வந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்கட்டும். குடும்ப ஜெபத்தை நடத்தும் பாரத்தை நீங்கள் ஒருவரே தூக்க வேண்டாம். பெயர்கள் மறந்துபோன தாய்க்கும் மகனின் குரல் ஆறுதலாக இருக்கும். இரவிலும் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பெண்ணைத் துணைக்கு வைக்க என்ன செலவாகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை அவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்க வழியுண்டா என்றும் விசாரியுங்கள்.

கணவரின் தம்பியிடம் பேச வேண்டியவர் நீங்கள் அல்ல, அண்ணன்தான். மருமகள் கேட்டால் குறைகூறுதலாகக் கேட்கும். ஊழியத்தை நான் குறைத்துப் பேசவில்லை; ஆனால் இந்த இடத்தில் வேதம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை, இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு நேருக்கு நேராகக் கண்டித்தார். தம்முடைய ஊழியத்தின் உச்சத்தில், சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதும், தம் தாயாரை யார் வீட்டில் சேர்ப்பது என்று ஏற்பாடு செய்தார். தம்பியிடம் பொதுவாக "உதவி செய்" என்று கேட்டால் "ஜெபிக்கிறோம்" என்ற பதில்தான் வரும். மே மாதத்தில் எந்த இரண்டு வாரம் வந்து தாயோடு தங்கப் போகிறாய், மாத மருந்துச் செலவில் எவ்வளவு உன் பங்கு என்று தேதியும் தொகையுமாகக் கேட்கட்டும். அவர் மறுக்கவும் கூடும். அப்போதும் கேட்டது சரிதான்.

ஐக்கிய சங்கத்துச் சகோதரி சொன்னதைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். உன் பாவத்தால்தான் இந்தத் துன்பம் என்று பேசத் தொடங்கியபோதுதான் வழி தவறினார்கள். அவர்களின் பேச்சைத் தேவன் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த முறை அந்தச் சகோதரி ஆலோசனை சொன்னால், "ஒரு புதன்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அத்தையோடு இருக்க முடியுமா அக்கா?" என்று உண்மையாகவே கேளுங்கள். அவர் வந்தாலும் வரலாம்.

இப்போது உங்கள் ஜெபத்துக்கு வருகிறேன். நாலரை மணியை இந்தக் காலத்துக்குக் கர்த்தரிடமே கொடுத்துவிடுங்கள்; அந்த நேரத்தில் தூங்குங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு வசனத்தைப் பள்ளிக்கூடச் சாக்பீஸால் அடுப்படிச் சுவரில் எழுதிவைத்து, பால் பொங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அத்தையைக் குளிப்பாட்டும்போது, அவர்கள் உங்களுக்காகச் சொல்ல முடியாததை நீங்கள் அவர்களுக்காகச் சொல்லுங்கள்: ஆண்டவரே, இந்தக் கைகள் எத்தனை பிள்ளைகளுக்குக் கை கூப்பக் கற்றுக்கொடுத்தன, நீர் அறிவீர். அவ்வளவு போதும். அதற்கும் முடியாத நாளில், பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் அழுதுகொண்டு சொன்னதைச் சொல்லலாம், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று. அந்த அரைகுறை விசுவாசத்தை நம்பித்தான் பிள்ளை சுகமானது.

கடைசியாக அந்த அனுபல்லவி. புதிதாக நடப்பவை முதலில் அழிந்து, சிறுவயதில் பாடிப் பழகியவை பிந்தித் தங்குவது இந்நோயில் பலரிடமும் காண்கிற ஒன்று. உங்கள் பெயரும் வீட்டின் வாசலும் மறந்துபோன பிறகும், ஞாயிறு பள்ளிக் கீர்த்தனை அத்தையிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் அழுதது அதற்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஜெபம் நின்றுபோன எட்டாம் மாதத்தில், ஒன்றும் இறங்கவில்லை என்று நீங்கள் சொல்கிற அதே உள்ளத்திலிருந்து, பாத்திரத்துக்கு மேல் ஒரு பல்லவி தானாக வெளியே வந்தது. நீங்கள் அதை ஜெபமாக எண்ணவே இல்லை. செத்துப்போன இடத்திலிருந்து அது வந்திருக்க முடியாது. அறைக்குள் இருந்து அதற்குப் பதிலும் வந்தது. அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடந்துகொண்டிருந்தது, சகோதரி, இரண்டு பேர் கூடியிருந்தீர்கள்.

இன்றிரவு அதே கீர்த்தனையைப் பாத்திரம் துலக்கும்போது பாடாமல், அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பாடுங்கள், அந்த மணிக்கட்டையே மெல்லப் பிடித்துக்கொண்டு. பல்லவி முடிந்ததும் நிறுத்திக் காத்திருங்கள். அவசரப்படாமல் ஒரு நிமிடம்கூடக் காத்திருங்கள், பதில் வர நேரமாகும். அறைக் கதவைச் சாத்திவிடாதீர்கள், மகன் அடுத்த அறையில் படித்துக்கொண்டிருப்பான். அத்தை எந்தச் சரணம்வரை போகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.